மாம்பாலும் கடலை மாவும்: ஒவ்வாமை குறித்துச் சில பாடங்கள்

கோடை விடுமுறையில் மரத்தடியில் நின்று, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்ற நினைவு நம்மில் பலருக்கும் உண்டு. மறுநாள் உதட்டோரம் புண்ணானதும் நினைவிருக்கும். உடற்சூடு என்று பெரியோர் கூறினர். உண்மையில், காம்பருகே கசியும் பாலே அப்புண்ணுக்குக் காரணம்.

மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாவின் பாலிலும் தோலிலும், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலும் சருமத்தைத் தாக்கும் ஒத்த வேதிப்பொருள்கள் உள்ளன. ஒவ்வாமை உடையவர்க்குத் தடிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே தோன்றுவதால் காரணம் எளிதில் புலப்படுவதில்லை. இவர்களுள் பலர், பிறர் கழுவித் தோல் சீவித் தரும் பழத்தைத் தொல்லையின்றி உண்கின்றனர்.

மற்றொரு வகை, உண்ட சில நிமிடங்களிலேயே வெளிப்படுவது. உடலின் காவல் அமைப்பு, தீங்கற்ற உணவுப் புரதத்தைப் பகையென எண்ணித் தாக்குவதே இதன் அடிப்படை. பல்லாண்டுகள் விரும்பி உண்ட பொருளும் நடுவயதில் ஒவ்வாமற்போகக்கூடும். கத்தரிக்காயும் கொண்டைக்கடலையும்கூடச் சிலருக்கு ஒவ்வா. ரப்பர் கையுறை ஒவ்வாதவருள் சிலருக்கு வாழைப்பழமும் ஒவ்வாது.

பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலியவை கலந்திருப்பின் உறையில் தனியே குறிப்பிட வேண்டுமென 2020ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. கொண்டைக்கடலை அப்பட்டியலில் இல்லை. பஜ்ஜி முதல் மைசூர்பாகு வரை கடலை மாவு கலந்திருப்பதால், அஃது ஒவ்வாதவர் உட்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை சில:

ஐயம் எழுந்தால், உண்டது, நேரம், அறிகுறி ஆகியவற்றைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுவோம். மீண்டும் உண்டு சோதித்துப் பார்த்தல் ஆபத்தாகும். காரணம் தெளியாமல் குழந்தைகளுக்குப் பல உணவுகளை நிறுத்துதலும் தவறு.

மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு, மயக்கம் தோன்றினால் 108 அல்லது 112 எண்ணை உடனே அழைப்போம். அந்நிலையில் உயிர்காக்கும் முதல் மருந்து அட்ரினலின் ஊசியே. கைவைத்தியத்தில் காலம் கடத்தலாகாது.

விருந்தில் ஒருவர் ஓர் உணவை மறுத்தால், “ஒரு வாய் உண்டால் என்ன?” என்று வற்புறுத்தாதிருப்போம். உண்ணச் சொல்வது மட்டும் உபசாரமன்று. வேண்டாமென்ற சொல்லை மதிப்பதும் உபசாரமே.