நீர் செல்லும் வழி, வினை செல்லும் வழி

பெருமழை ஓய்ந்த ஒரு காலை, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் அன்பர்கள் சிலருடன் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில் நடந்தோம். கரையெங்கும் பசுமை, ஆற்றிலோ குன்றுபோல் வெண்ணுரை. “ஆற்றை யாரோ கெடுத்துவிட்டார்களே!” என்றார் ஓர் அன்பர்.

யார் அந்த யாரோ? நந்திமலைப் பகுதியில் தோன்றும் இந்நதியில்தான் பெங்களூரின் கிழக்குப் பகுதி மழைநீரும் கழிவுநீரும் கலக்கின்றன. ரிச்சர்ட்ஸ் டவுனும் அவ்வடிநிலத்தைச் சேர்ந்ததே. அந்நதியே சாத்தனூர், திருக்கோவிலூர் கடந்து கடலூர் அருகே கடலை அடைகிறது.

நம் செயல் வாசலோடு முடிவதில்லை. நாம் காணாத ஒருவரின் வயலையும் நீராடும் துறையையும் சென்றடைகிறது. இதை உணர்ந்து செயலாற்றுவதே கர்மயோகத்தின் தொடக்கம். பூஜைக்கு நீர் மொள்ளும் கை, சோப்புத்தூளை அளவறிந்து இடுவதும் வழிபாடே. குறைகாணும் கண் முதலில் தன் வீட்டு வடிகாலை நோக்கட்டும்.