துவாதசி இலையில் அகத்தியும் நெல்லியும்

ஏகாதசி விரதம் என்றால் அரிசியைத் தொட மாட்டீர்கள். சரிதான். ஆனால் உப்புமா, அடை என்று இரண்டு வேளை பலகாரமும், நடுநடுவே நாலைந்து டம்ளர் காபியுமாகப் பொழுது போனால் வயிற்றுக்கு ஓய்வு ஏது? துளசி தீர்த்தம், வெந்நீர், முடியாதவர்களுக்குப் பாலும் பழமும்... இதுவே போதும்.

மறுநாள் பாரணைக்குப் பெரியவர்கள் வகுத்ததைப் பாருங்கள். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். புளிக்கு அன்று இடமில்லை; காய்ந்த வயிற்றின் மேல் என்ன கரிசனம்! 100 கிராம் அகத்திக்கீரையில் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய நம் எலும்புகளுக்கு இது அவசியம். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு நெல்லிக்காயின் வைட்டமின் சி துணை செய்யும். வேகவைத்தால் அது குறைந்துவிடும். அதனால் பச்சையாகவே துருவி, தேங்காய், பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து, தயிர்ப் பச்சடியாகச் செய்யுங்கள். சாப்பிட்ட கையோடு காபி வேண்டாம். இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் அகத்தியைத் தவிர்ப்பது வழக்கம். மருந்தை முறிக்கும் என்பார்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரா நீங்கள்? டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். விரதத்தின் நடுவே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் பாரணை நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.