மீனா, விதையா? – ஒமேகா 3 கொழுப்பமிலங்கள்

மாணவர்களே, "ஒமேகா 3 எதில் உண்டு?" என்று கேட்டால் மன்னார்ப் பிள்ளைகள் "மீன்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவீர்கள். பேசாலையிலும் வங்காலையிலும் வளர்ந்தவர்களுக்கு வேறு விடை தோன்றாதுதான். ஆனால் அது பாதி விடையே.

ஒமேகா 3 என்பது ஒரு தனிப் பொருளன்று, ஒரு குடும்பம். நான் கலைப் பட்டதாரி. இரசாயனக் கட்டமைப்பு வரைந்து உங்களைக் குழப்பமாட்டேன். மூன்று பெயர்களைப் பாடமாக்குங்கள். அல்பா லினோலெனிக் அமிலம் (ஏ.எல்.ஏ.) தாவரங்களில் உண்டு, 18 காபன், 3 இரட்டைப் பிணைப்பு. மீனில் இருப்பவை ஈ.பீ.ஏ. (20 காபன், 5 பிணைப்பு), டீ.எச்.ஏ. (22 காபன், 6 பிணைப்பு). மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருப்பது டீ.எச்.ஏ.

ஏ.எல்.ஏ. ஐ நமது உடல் ஆக்காது. ஆகவே அது அத்தியாவசிய கொழுப்பமிலம். உண்ட ஏ.எல்.ஏ. இல் சிறு பகுதி ஈ.பீ.ஏ. ஆகவும், அதனிலும் சிறு பகுதி டீ.எச்.ஏ. ஆகவும் மாறும். எனவே "ஆளி விதை எண்ணெய் மீனுக்குச் சமம்" என்று எழுதுவது பிழை.

மீனுக்கு இவை எங்கிருந்து வந்தன? கடலில் மிதக்கும் நுண் அல்காக்களே முதலில் ஆக்குகின்றன. அவற்றை விலங்குப் பிளாந்தன்கள் உண்ண, அவற்றைச் சூடையும் நெத்தலியும் உண்கின்றன. உணவுச் சங்கிலிப் பாடத்துடன் சேர்த்துப் படியுங்கள். இந்த அல்கா எண்ணெய் இன்று குளிசையாகவும் கிடைக்கிறது, விலைதான் அதிகம்.

இனி அடுப்படிக்கு வருவோம். மலிவான சூடையும் சாளையும் இந்த விடயத்தில் அறக்குளாவுக்குச் சளைத்தவையல்ல. தேங்காயெண்ணெயில் ஒமேகா 3 இல்லையென்றே கொள்ளலாம். நல்லெண்ணெயில் அதிகம் இருப்பது ஒமேகா 6. சோயா எண்ணெயில் ஏ.எல்.ஏ. சுமார் 7 வீதம், ஆளி விதை எண்ணெயில் பாதியளவு. ஆனால் கடையில் வாங்கும் சோயா மீற் கொழுப்பு நீக்கிய மாவில் செய்யப்படுவது. புரதத்துக்கு அதை எழுதலாம், ஒமேகா 3 க்கு எழுத வேண்டாம்.

கருவாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். இரட்டைப் பிணைப்பு கூடக் கூட கொழுப்பு ஒட்சிசனுடன் இலகுவில் தாக்கமுறும். வெயிலில் காய்ந்த சூடை மஞ்சளாகிக் காறல் மணம் வீசுவது இதனால்தான். உப்பும் கூடுதல். சோளகம் வீசி வள்ளங்கள் இறங்காத நாட்களில் கைகொடுப்பது கருவாடுதான் என்றாலும், பச்சை மீன் குழம்புக்கு அது ஈடாகாது.

மாதிரி வினா: திருக்கேதீஸ்வரத்தில் வசிக்கும் கர்ப்பிணித் தாய் ஒருவர் மரக்கறி உணவு மட்டுமே உண்பவர். அவருக்கு டீ.எச்.ஏ. கிடைக்கும் வழிகள் யாவை?

விடை: கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டீ.எச்.ஏ. தேவை என உலக உணவு விவசாய நிறுவனத்தின் 2010 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. சோயா எண்ணெய், ஆளி விதை, கீரை வகைகள் ஏ.எல்.ஏ. தரும், ஆனால் அது டீ.எச்.ஏ. ஆக மாறும் அளவு சிறிது. ஆகையால் வைத்திய ஆலோசனையுடன் அல்கா எண்ணெய்க் குளிசை எடுக்கலாம்.