பால் மரத்தில் ஒரு பெயர்ப்பலகை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நடந்து செல்பவர்களின் கண்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் பல படும். அவற்றுள் பெரும்பாலானவை நெகிழியில் வெட்டியவை அல்லது விரிப்பில் அச்சிட்டவை. மரத்திலேயே எழுத்தை வெட்டி எடுத்து மாட்டிய பலகையைக் காண்பது அரிது. அதற்கு ஒரு காரணம் தமிழ் எழுத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. நேர்கோடுகளால் ஆன எழுத்தைச் சாதாரணக் கைரம்பத்தால் அறுத்துவிடலாம். வளைந்தும் சுழித்தும் செல்லும் தமிழ் எழுத்தை அந்த ரம்பத்தால் பின்தொடர முடியாது.

ஒரு மாணவர் தம் வீட்டு வாயிலில் மாட்ட ‘கலை இல்லம்’ என்ற பெயரை மரத்தில் வெட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். ‘க’ என்னும் எழுத்தின் நடுவில் நாற்புறமும் அடைபட்ட வெளி உண்டு. பலகையின் ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு அந்த வெளிக்குள் நுழைந்தால் எழுத்தே துண்டாகிவிடும். ‘ட’, ‘ப’ போன்ற எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடுத்து, ‘ல்’, ‘ம்’ ஆகியவற்றின் தலைமேல் நிற்கும் புள்ளிகள். அவை எழுத்தோடு ஒட்டாதவை; வெட்டியவுடன் தனியே விழுந்துவிடும். கணினியில் தட்டச்சு செய்யும்போது தோன்றாத இந்த இரண்டு சிக்கல்களும் மரத்தைக் கையில் எடுத்ததும் வந்து நிற்கும்.

முதல் சிக்கலைத் தீர்க்கும் கருவிதான் ஸ்க்ரோல் ரம்பம். இதில் ஏறக்குறைய 5 அங்குல நீளமுள்ள, ஊசிபோல் மெல்லிய பிளேடு ஒன்று மேல்கைக்கும் கீழ்கைக்கும் இடையே இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். மோட்டார் அதைத் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல மேலும் கீழும் ஆட்டும். பிளேடு தன் இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்க, பலகையைத்தான் கையால் திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும். ‘க’வின் உள்வெளியை வெட்ட, முதலில் அந்த வெளிக்குள் ஒரு சிறு துளை இட வேண்டும். பிறகு பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளையின் வழியே நுழைத்து, மீண்டும் மாட்டி இறுக்க வேண்டும். உள்வெளி வெட்டி முடிந்ததும் பிளேடைக் கழற்றிப் பலகையை எடுத்துவிடலாம். எழுத்தின் வெளிக்கோட்டை எப்போதும் கடைசியாகவே வெட்ட வேண்டும். முதலிலேயே வெளிக்கோட்டை வெட்டிவிட்டால், உள்வெளியை வெட்டும்போது பிடித்துக்கொள்ள மரம் மிஞ்சாது.

மெல்லிய ரம்பத்தால் வளைகோடுகளை வெட்டும் இந்தக் கலை பழமையானது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் வரைபடக் கலைஞர், உலக வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் துண்டுகளைச் சேர்த்துப் புவியியல் கற்றார்கள். இன்று வீடுகளில் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் படப்புதிர்களின் தொடக்கம் அதுவே. அவர் பயன்படுத்தியது கைரம்பம். மோட்டார் பிற்காலத்தில் சேர்ந்தது.

எதை வெட்டுவது என்பதற்கு நிகராக, எந்த மரத்தில் வெட்டுவது என்பதும் முக்கியம். மெர்பாவ் போன்ற கனத்த மரம் தொடக்கநிலையினரின் பொறுமையைச் சோதிக்கும். வெள்ளை மெராந்தியில் மணற்சத்து கலந்திருப்பதால் அது ரம்பப் பற்களை விரைவில் மழுக்கிவிடும். பழகுவதற்கு ஏற்ற மரம் ஒன்று மலேசியத் தமிழர்களுக்கு மிக நெருக்கமானது. அதுதான் பால் மரம் என்று தோட்டப்புறத்தில் அழைக்கப்பட்ட ரப்பர் மரம்.

ரப்பர் இந்த மண்ணின் மரமன்று. 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகள் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூரை வந்தடைந்தன. சில பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு காடுகள் அழிந்து தோட்டங்கள் ஆயின. அத்தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்தனர். விடியுமுன் எழுந்து, பட்டையைச் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்த அவர்களுக்கு அந்த மரத்தின் பால்தான் வாழ்வு. மரத்தின் கட்டைக்கோ மதிப்பே இல்லை. ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி அடுப்புக்கும், புகைக்கொட்டகைக்கும், செங்கல் சூளைக்கும் விறகாக்கினார்கள்.

விறகாக்கியதற்குக் காரணம் உண்டு. ரப்பர் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிப் போட்ட சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்து நீலம் பாரிக்கும். வண்டு துளைத்து மாவாக்கும். வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தின் மூலம் மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இக்கேடுகள் நீங்கும் என்பது பின்னர் தெளிவானது. சிலாங்கூர், கெப்போங்கில் 1929-இல் நிறுவப்பட்ட வன ஆய்வுக் கழகத்திற்கு இந்த மாற்றத்தில் பங்கு உண்டு. இன்று ரப்பர் மரம் மலேசிய அறைகலன் தொழிலின் முதன்மை மூலப்பொருள்களுள் ஒன்று. வெளிர் நிறமும், சீரான இழையும், அளவான கனமும் கொண்டிருப்பதால் ரம்பத்திற்கு எளிதில் இணங்கும். மழையும் வெயிலும் நேரடியாகப் படும் இடத்திற்கு மட்டும் இது ஆகாது. பெயர்ப்பலகையைக் கூரையின் கீழ்தான் மாட்ட வேண்டும்.

கடையில் ரப்பர் பலகை, சிறு துண்டுகளை ஒட்டிச் சேர்த்த வடிவில் கிடைக்கும். வீசி எறியப்பட்ட சாப்பாட்டு மேசையின் கால்களும் பெரும்பாலும் ரப்பர் மரமே. ஆனால், 6 சென்டிமீட்டர் தடித்த மேசைக்காலை ஸ்க்ரோல் ரம்பத்தால் அறுக்க முனைவது வீண் முயற்சி. பிளேடு வளைந்து சாய்வாக வெட்டும், மரம் கருகும். தடித்த கட்டையை மெல்லிய பலகைகளாகப் பிளக்க இரண்டாவது கருவி வேண்டும். அதுவே பட்டை ரம்பம். கடைகளில் ‘பேண்ட்சா’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

பட்டை ரம்பத்தில் பிளேடு ஒரு முடிவில்லாத வளையம். மேலொன்றும் கீழொன்றுமாக உள்ள இரண்டு சக்கரங்களின்மேல் அது பெல்ட்டைப் போல ஓடும். மேலும் கீழும் ஆடாமல் எப்போதும் கீழ்நோக்கியே ஓடுவதால் மரத்தை மேசையின்மேல் அழுத்திக்கொண்டே அறுக்கும். இதற்கான காப்புரிமையை இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808-இல் பெற்றார். ஆனால், அந்தக் காலத்தில் இயந்திரம் பயன்படவில்லை. பட்டையின் இரு முனைகளையும் இணைத்த இடம் சக்கரத்தில் வளைந்து வளைந்து ஒடிந்துகொண்டே இருந்தது. 1846-இல் பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பின் என்னும் பெண்மணி, ஒடியாமல் இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே பட்டை ரம்பம் பட்டறைகளுக்குள் வந்தது. இன்றும் பட்டை ரம்பத்தின் சக்கரங்களில் பிளேடு வழுக்காமல் இருக்கப் பெரும்பாலும் ரப்பர் வளையமே பொருத்துகிறார்கள். பால் மரத்தின் கட்டையைப் பிளக்கும் இயந்திரம் ரப்பரின்மேல் ஓடுவது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

வாங்கப் போகும்போது பலர் மோட்டாரின் ஆற்றலை மட்டும் பார்க்கிறார்கள். பிளேடுக்கும் அதன் பின்னாலுள்ள தூணுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை முதலில் பார்ப்பதே அறிவுடைமை. 16 அங்குல ஸ்க்ரோல் ரம்பத்தில் அந்தத் தூரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அதைவிட நீண்ட பலகையைச் சுற்றித் திருப்பினால் தூணில் இடிக்கும். பட்டை ரம்பத்தில் இந்தத் தூரத்தோடு, மேசைக்கு மேல் எவ்வளவு உயரமான கட்டையை வைக்க முடியும் என்பதையும் கேட்க வேண்டும். பிளேடு மாட்டும் முறையும் முக்கியம். சில ஸ்க்ரோல் ரம்பங்கள் முனையில் சிறு குறுக்காணி உள்ள பிளேடை மட்டுமே ஏற்கும். அந்த ஆணி நுழையப் பெரிய துளை வேண்டும்; ‘க’வின் சிறிய உள்வெளிக்கு அது பொருந்தாது. ஆணியில்லாத பிளேடை ஏற்கும் இயந்திரமே எழுத்து வேலைக்கு ஏற்றது.

அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர் ஒருவர் பட்டை ரம்பத்தை வாங்கினால் அண்டை வீட்டாரின் பொறுமையையும் சேர்த்துச் சோதிப்பார். சில நூறு ரிங்கிட்டில் தொடங்கும் சிறிய ஸ்க்ரோல் ரம்பம் அவருக்குப் போதும். தடித்த கட்டையைப் பிளக்கும் வேலையை மரப்பட்டறையில் கூலி கொடுத்து முடித்துக்கொள்ளலாம். பழைய இயந்திரத்தை வாங்குவோர் கதவைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, சக்கரம் தள்ளாடுகிறதா, மேசையில் துரு ஏறியிருக்கிறதா என்பவை அப்போது தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட இயந்திரமானால், அது நம் நாட்டு மின்னழுத்தத்திற்கு உரியதா என்பதையும் பார்க்க வேண்டும். 110 வோல்ட் இயந்திரத்தை நம் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துபோகும்.

பிளேடைத் தேர்ந்தெடுக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வெட்டும்போது குறைந்தது 3 பற்களாவது ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் பற்கள் மரத்தைக் கொத்திப் பிய்க்கும். மிக அதிகமானால் தூள் வெளியேற வழியின்றிக் கருகும். பட்டை ரம்பத்தின் பிளேடு அகலமாக ஆக, வளையும் திறன் குறையும். 6 மில்லிமீட்டர் பிளேடு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை வெட்டும். 12 மில்லிமீட்டர் பிளேடுக்கு 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆரம் வேண்டும். வளையாத பிளேடை வலிந்து திருப்பினால் அது முறுக்கிக்கொண்டு சக்கரத்திலிருந்து கழன்றுவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் இரும்பு மேசை விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, மாதம் ஒருமுறை மெழுகு பூசினால் துரு அண்டாது. பலகையும் வழுக்கிக்கொண்டு நகரும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால் அதை இயந்திரத்துக்குள் தேங்கவிடக் கூடாது. பட்டை ரம்பத்தை நெடுநாள் பயன்படுத்தாமல் வைக்கும்போது பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும். ஸ்க்ரோல் ரம்பத்தின் பிளேடை விரலால் சுண்டினால் தெளிவான ஓசை எழ வேண்டும். மந்தமான ஓசை எழுந்தால் இறுக்கம் போதவில்லை. பிளேடு மழுங்கியதை அறிய வேறு சோதனை தேவையில்லை. பலகையைத் தள்ளக் கை தானாக அதிக பலம் கொடுக்கத் தொடங்கும். விரல் காயங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நேர்கின்றன. சில ரிங்கிட் விலையுள்ள பிளேடை மாற்றத் தயங்குவது மோசமான சிக்கனம்.

பட்டை ரம்பத்தின்முன் நிற்கும்போது விரல்கள் ஒருபோதும் பிளேடுக்கு நேரெதிரே இருக்கக் கூடாது. கடைசிச் சில சென்டிமீட்டரைத் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். மேல் காப்பைக் கட்டையின் உயரத்திற்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் மேலே இறக்கி வைத்தால் திறந்திருக்கும் பிளேடு மிகக் குறைவு. ஓடும் இயந்திரத்தின் அருகே கையுறை அணிவது பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. துணியைப் பற்கள் பற்றினால் கையும் சேர்ந்து இழுபடும். பிளேடை மாற்றும்போது மட்டும், மின்செருகியைப் பிடுங்கிய பிறகு, கையுறை அணியலாம். பிளேடு ஓடும்போதே அறுந்துவிட்டால் பதறிக் கதவைத் திறக்கக் கூடாது. மின்விசையை நிறுத்தி, சக்கரங்கள் முழுமையாக ஓயும்வரை விலகி நிற்க வேண்டும். மேசைக்காலை அறுக்குமுன் அதில் பழைய ஆணியோ திருகோ புதைந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்ப்பதும் கட்டாயம்.

கண்ணுக்குத் தெரியும் பிளேடுக்கு அஞ்சுபவர்கள், கண்ணுக்குப் புலப்படாத தூளை மறந்துவிடுகிறார்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாதபோது மாணவர்கள் எந்த ரம்பத்தையும் இயக்கக் கூடாது.

இனி, அந்தப் புள்ளிகள். பொத்தான் அளவுள்ள துண்டை இயந்திர ரம்பத்தில் வெட்ட முனைவது விரலைப் பணயம் வைப்பதாகும். அதற்கு எளிய வழி உண்டு. கடையில் கிடைக்கும் உருண்டை மரக்குச்சியைக் கைரம்பத்தால் வில்லை வில்லையாக அறுத்துக்கொள்ளலாம். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, எழுத்துகளைப் பின்பலகையில் ஒட்டிய பிறகு, ‘ல்’லுக்கு ஒன்றும் ‘ம்’முக்கு ஒன்றுமாகப் புள்ளிகளை ஒட்டி, பசை உலரும்வரை ஓரிரவு அசையாமல் விட்டுவைக்க வேண்டும்.