சேதம் யார் கையில் நேர்ந்தது?

கொடுக்கல் வாங்கலில் வழக்கு எழும்போது முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பொருளின் குறை யார் கையில் நேர்ந்தது என்பதே அது. குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐபு' என்று கூறுகின்றன. விற்றவர் ஒப்படைக்கும் முன்பே இருந்த குறைக்கு அவர் பொறுப்பாளி. வாங்கியவர் கையில் உண்டான சேதத்தை விற்றவர் தலையில் சுமத்த முடியாது. குறையை அறிந்ததும் தாமதமின்றித் திருப்ப வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

கம்பெனிகள் தரும் வாரண்டி இதற்கும் மேற்பட்ட ஒரு வாக்குறுதி. குறித்த காலத்துக்குள் பொருள் தானாகப் பழுதானால் மாற்றித் தருவதாக ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் அங்கும் அதே கேள்விதான் எழுகிறது.

கடைக் கணக்கும் குடும்பப் படங்களும் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்கை எடுத்துக்கொள்வோம். அதனுள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் நூலிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. கீழே விழுந்தால் முனை தட்டைக் கீறிவிடும். எனவே நசுங்கியது, நீர் பட்டது, முத்திரை பிரிக்கப்பட்டது ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை என்பது நியாயமே. ஆனால், முழுதாக நாம் அனுப்பியது வழியில் நசுங்கி, "வாடிக்கையாளர் செய்த சேதம்" என்று பதில் வந்தால் என்ன செய்வது?

1. அனுப்பும் முன்பே சாட்சியைத் தேடிக்கொள்ள வேண்டும். சீரியல் எண் தெரியும்படி ஆறு பக்கங்களையும் படமெடுங்கள். எல்லாப் புறமும் தடித்த பஞ்சு வைத்துக் கட்டுவதையும் படமெடுங்கள். நேரில் கொடுத்தால், 'வெளிச்சேதம் இல்லை' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

2. மறுப்பு வந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள், பார்சல் எந்த நிலையில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். சேதத்தின் படத்தையும் கேளுங்கள். உங்கள் படங்களை இணைத்துத் தேதியிட்ட பதில் அனுப்புங்கள். கூரியருக்கும் உடனே புகார் எழுதுங்கள்.

3. இதற்கிடையில் டிஸ்கை வேறு கடையில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். முத்திரை போனால் வழக்கும் போகும்.

4. அப்படியும் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அவசியமானால் ஆணையம் பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும்; அழிந்த கணக்கும் படங்களும் கிடைக்கா. அவற்றுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வைப்பது நம் பொறுப்பு.

இந்த உரிமை உண்மையின் மீதே நிற்கிறது. பிள்ளை கை தவறிப் போட்டதை, "தானாக நின்றுவிட்டது" என்று சொல்லிப் பெறும் புது டிஸ்க் நமக்கு ஆகுமானதன்று. கூரியரில் நசுங்கியது என்று அறிந்தும் வாடிக்கையாளர் மீது பழி எழுதுபவரும் அதே தவற்றைத்தான் செய்கிறார். நாம் உண்மையாளராக இருந்தால் உரிமையைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமையும் இல்லை.