முற்றத்தில் ஒரு ஊஞ்சல்: இணுவில் வீடுகளில் இருந்து நாம் படிக்கும் பாடம்



லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த நம்மில் பல குடும்பங்களுக்கு இந்தப் பத்து வருஷத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் தாய்மார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சின்னப் புள்ளைங்களுக்கு வாசல்ல வெளையாட என்ன செஞ்சு குடுக்கலாம்? கடையில விக்கிற பிளாஸ்டிக் சறுக்கு வாங்கணுமா?"

வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. காசு இல்லாமலே நல்ல விளையாட்டு இடம் அமைக்கலாம். ஆனால் யோசிக்காமல் அமைத்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரும். இந்த மாதப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்.

1. இணுவில் முற்றம்

யாழ்ப்பாண நகரில் இருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் கொக்குவில், தாவடி தாண்டி வருவது இணுவில். செம்மண் பூமி. வெங்காயம், புகையிலை, மரக்கறி செய்கிற ஊர். அங்கே "தோட்டம்" என்றால் தேயிலை மலை அல்ல, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் வெங்காயப் பாத்திதான். சிவகாமி அம்மன் கோயிலும் கந்தசுவாமி கோயிலும் உள்ள ஊர். தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் பேர் போனது.

அங்கே காணியைப் பரப்புக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பரப்பு என்பது பத்து பேர்ச்சஸ். ஆகவே நம் ஏழு பேர்ச்சஸ் காணி ஒரு பரப்புக்கும் குறைவு. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

வேலி அடைத்த முற்றம், அதில் ஒரு மாமரம் அல்லது வேம்பு, சித்திரை வருஷப்பிறப்பு வந்தால் கொப்பில் கயிறு போட்டு ஊஞ்சல். இது யாழ்ப்பாணக் கிராமங்களின் பழைய வழக்கம். பெரியவர்கள் ஒரு பக்கம் போர்த்தேங்காய் அடிக்க, பிள்ளைகள் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்பார்கள். நுங்கு குடித்த கோம்பை இரண்டை ஒரு தடியில் செருகினால் வண்டில். கமுகம் மடலில் ஒரு பிள்ளையை இருத்தி இன்னொரு பிள்ளை இழுத்தால் அதுவும் வண்டில்தான். கடைக்குப் போகாமலே பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் முற்றத்தில் இருந்தது.

2. எந்த வயசுக்கு எது

பிள்ளைத்தமிழ் என்று ஒரு பழைய பாட்டு வகை உண்டு. பிள்ளை வளரும் படிகளைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவது. தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. நடந்து வருவது வருகை. பிறகு ஆண்பிள்ளைக்கு மணல் வீட்டைக் கலைக்கும் சிற்றில், பறை கொட்டும் சிறுபறை, தேர் உருட்டும் சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், கடைசியாக ஊசல். ஊசல் என்றால் ஊஞ்சல்.

ஊஞ்சலைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நம் முன்னோர் சொன்ன இந்த ஒழுங்கு இன்றைக்கும் பொருந்தும். ஆண், பெண் வித்தியாசம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் இப்படி அமைக்கலாம்:

- 2 வயசுக்குள்: பாய், கிலுக்கும் டப்பா, ஒரு பேசினில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விளையாடி முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.
- 2 முதல் 3 வயசு: மணல், தள்ளிக்கொண்டு போகும் வண்டி, நிலத்தில் கிடக்கும் மரக்குற்றி.
- 3 முதல் 5 வயசு: தாழ்வான ஊஞ்சல், சின்னச் சறுக்கு, பாதி புதைத்த டயர்.

மணல் பெட்டி எல்லாவற்றிலும் மலிவு. நாலு அடிக்கு நாலு அடி, ஒரு அடி ஆழம் போதும். இரவில் ஒரு தகரமோ பழைய படங்கோ போட்டு மூடுங்கள். நாயும் பூனையும் அசுத்தம் செய்த மணலில் இருந்து பூச்சி பிள்ளை உடம்புக்குள் போகும்.

3. ஊஞ்சலுக்கு மரம்

இணுவில் முற்றத்து மாமரம், வேம்பு, புளி எல்லாம் உறுதியான மரம். வேலியில் நிற்கும் முருங்கையில் யாரும் ஊஞ்சல் கட்ட மாட்டார்கள். முருங்கை முறியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நம்முடைய மலையில் அந்த முருங்கை மாதிரி இருப்பது அல்பீசியா. பெரிதாக வளரும், ஆனால் கொப்பு திடீரென்று ஒடியும். கிரவிலியா கொப்பும் காற்றுக்கு ஒடியக்கூடியது. முள்முருங்கையும் வேண்டாம். பலா, மா இருந்தால் நல்லது. கொப்பு எட்டு அங்குலத்துக்குக் குறையாத தடிப்போடு, பச்சையாக, வெடிப்பும் கறையான் அரிப்பும் இல்லாமல் இருக்க வேண்டும்.

நல்ல மரம் இல்லை என்றால் இரண்டு அங்குல இரும்புப் பைப்பில் இரண்டு பக்கமும் கால் விரித்து நிறுத்தி, மேலே குறுக்குப் பைப் போடலாம். கால்கள் இரண்டு அடி மண்ணுக்குள் போக வேண்டும். கொங்கிரீட் மண் மட்டத்துக்குக் கீழே நிற்கட்டும். மேலே தெரிந்தால் விழுகிற பிள்ளையின் மண்டை அதில்தான் போய் அடிபடும்.

4. அளவு

சின்னப் பிள்ளைகளுக்குக் குறுக்கு மரம் ஆறு அடி உயரம் போதும். இருக்கை நிலத்தில் இருந்து ஒரு அடிக்குக் குறையக் கூடாது. உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும், அதே அளவு பின்னாலும் வெறுமையாக இருக்க வேண்டும். ஆறு அடி என்றால் முன்னால் 12, பின்னால் 12, ஆக 24 அடி. பக்கங்களில் ஆறு ஆறு அடி. அதற்குள் சுவர், வேலிக்கட்டை, துணிக் கொடிக் கம்பி எதுவும் வரக் கூடாது.

ஏழு பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு, கக்கூஸ், மரக்கறிப் பாத்தி போக மிச்சத்தில் இந்த 24 அடி இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அந்த வாசலுக்கு மணலும் குற்றியும் டயரும் போதும். அல்லது நாலு ஐந்து வீடு சேர்ந்து பொது இடத்தில் ஒரு ஊஞ்சல் போடலாம். லயத்தில் இருப்பவர்களுக்கும் இதுதான் வழி.

5. இருக்கை, கயிறு, நிலம்

பலகை இருக்கை பார்க்க அழகு. ஆனால் ஆடுகிற பலகைக்கு முன்னால் இன்னொரு பிள்ளை ஓடி வந்தால் நெற்றி பிளந்துவிடும். ரப்பர் இருக்கைதான் நல்லது. ஃபெக்டரியில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட் துண்டு இருந்தால் கேட்டு வாங்குங்கள். டயர் என்றால் உள்ளே இருக்கும் கம்பி வெளியே நீட்டாமல் பாருங்கள். டயரின் அடியில் நாலு ஐந்து ஓட்டை போடுங்கள். மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும். இணுவிலில் மாரி மழைக்கு உள்ள பயம் நமக்கு வருஷம் பூராவும் உண்டு.

தும்புக் கயிறு மழையில் உக்கும். நைலோன் கயிறு வெயிலில் நைந்து போகும். எந்தக் கயிறானாலும் கொப்பில் உரசும் இடத்தில் பழைய ஹோஸ் பைப் துண்டைப் போட்டுக் கட்டுங்கள். மாதம் ஒரு தரம் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்க்க வேண்டும். ஒரு இழை அறுந்திருந்தாலும் கயிற்றை மாற்றுங்கள்.

கீழே சீமெந்துத் தரை கூடவே கூடாது. வெறும் புல்லும் போதாது. இணுவில் செம்மண் கோடையில் கல் மாதிரி இறுகும். நம் மலை மண் மிதிபட்டு இறுகி, மழைக்கு வழுக்கும். மண்வெட்டியால் கொத்தி எடுத்துவிட்டு ஒரு அடி ஆழத்துக்கு மணலோ மரச்சீவலோ போடுங்கள். மிதிபட்டுக் குறைந்தால் மறுபடி போடுங்கள்.

6. சரிவு நமக்கு உதவி

இணுவில் தட்டையான ஊர். அங்கே சறுக்கு வேண்டும் என்றால் ஏணி வைத்து உயரத்தில் கட்ட வேண்டும். ஏணியில் இருந்துதான் பிள்ளை விழும். நமக்கோ வாசலைத் தாண்டினால் சரிவு. சறுக்கை அந்தச் சரிவின் மேலேயே படுக்க வைத்துவிட்டால் ஏணியும் வேண்டாம், விழ உயரமும் இல்லை. பக்கத்தில் மண்ணில் நாலு படி வெட்டிக் கொடுத்தால் பிள்ளை ஏறிப் போகும். மெதுவான சரிவாக இருக்கட்டும். சறுக்கு முடிகிற இடம் தட்டையாக இருக்க வேண்டும். கானுக்கோ ரோட்டுக்கோ நேராகப் போகக் கூடாது. புதிதாக வெட்டிய மண்மேட்டிலும் மண் சரிகிற இடத்திலும் செய்ய வேண்டாம். தகரத்தில் செய்தால் ஓரத்தை மடித்து அடியுங்கள். வெயில் நேரத்தில் கை வைத்துப் பார்த்த பிறகே பிள்ளையை விடுங்கள்.

7. உயிர் போகும் காரியங்கள்

இந்தப் பகுதியை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சீலை ஊஞ்சல்: நாம் தொட்டில் என்கிறோம், யாழ்ப்பாணத்தில் ஏணை என்பார்கள். கைக்குழந்தையைத் தூங்க வைக்க அதைக் கட்டுவார்கள். ஆனால் ஓடித் திரிகிற பிள்ளை அதில் ஏறிச் சுற்றி விளையாடினால் சீலை முறுகிக் கழுத்தை இறுக்கும். சத்தம் போடவும் முடியாது. இப்படிப் பிள்ளைகள் இறந்த செய்தி நம் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தை எழுந்ததும் சீலையை அவிழ்த்து மேலே சுருட்டிக் கட்டுங்கள். விளையாட்டுக்குச் சீலையில் ஊஞ்சல் கட்டவே வேண்டாம்.

கழுத்துக் கயிறு: தாயத்துக் கயிறு, சால்வை, தொப்பி நூல் எல்லாம் சறுக்கிலும் ஊஞ்சலிலும் மாட்டும். விளையாடும்போது கழற்றி விடுங்கள்.

இடைவெளி: படியிலோ கம்பியிலோ மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட இடைவெளி இருந்தால் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக் கொள்ளும். அதைவிடச் சின்னதாக அல்லது பெரிதாக வையுங்கள்.

மருந்துக் கேன்: களைநாசினி, கிருமிநாசினி வந்த கேனும் பீப்பாவும் எத்தனை தரம் கழுவினாலும் விளையாட்டுச் சாமான் ஆகாது. உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட்டும் பழைய பெயின்ட் உரியும் பலகையும் வேண்டாம்.

தண்ணீர்: இணுவில் முற்றத்தில் கிணறு இருக்கும், அதற்குக் கட்டும் மூடியும் முக்கியம். நமக்குக் கான், பீலி, தண்ணீர்த் தொட்டி. விளையாட்டு இடம் இவற்றுக்கு எட்டத்தில் இருக்கட்டும்.

பிள்ளை விழுந்து மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, காதில் மூக்கில் ரத்தம் வந்தாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

8. யார் பார்ப்பது?

தாய் மலைக்கும் தகப்பன் வேலைக்கும் போன பிறகு வாசல் ஊஞ்சலைப் பார்க்க ஆள் இல்லை. அந்த நேரம் பிள்ளைக்கு இடம் பிள்ளைக்காம்பராதான். எட்டு வயசு அக்காவிடம் மூன்று வயசுத் தம்பியை விட்டுப் போவது அந்த அக்காவுக்கும் பாரம். வேலை முடிந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகு அரை மணி நேரம் பிள்ளை ஆடுவதைப் பார்த்து உட்காருங்கள். பெரியவர் இல்லாத நேரம் ஊஞ்சலைக் கழற்றி வையுங்கள்.

விளையாட்டை வீண் என்று எண்ண வேண்டாம். சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31வது உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991ல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. இணுவில் பிள்ளைக்கு எவ்வளவு உரிமையோ, பத்தாம் நம்பர் லயத்துப் பிள்ளைக்கும் அவ்வளவுதான்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வாசலில் 24 அடி வெறும் இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் என்ன செய்யலாம்?
2. நம்மைச் சுற்றி உள்ள மரங்களில் எது ஊஞ்சலுக்கு ஆகும், எது ஆகாது?
3. பகலில் சீலைத் தொட்டில் அவிழ்க்காமல் தொங்குகிறதா?
4. பக்கத்து நாலு வீடு சேர்ந்தால் மணல் கொண்டு வருவது யார், கயிறு பார்ப்பது யார்?

மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்பவர்கள் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அதை அவிழ்த்துக் கட்டுங்கள். மணலும் ஊஞ்சலும் அடுத்த ஞாயிறு பார்த்துக் கொள்ளலாம்.