காடும் குளமும் பார்க்கப் போகிறீர்களா? குமரிக் குடும்பங்களுக்கு 22 குறிப்புகள்

டி.வி.யில் சிங்கம் மானைத் துரத்துவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், கோதையாறு வரை போய்விட்டு "ஒரு மிருகத்தையும் காணோமே" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அங்கே பெரும்பகுதி புல்வெளி. ஜீப்பில் உட்கார்ந்தபடியே தூரத்து விலங்கைப் பார்த்துவிடலாம். நம் மலையில் இருப்பது அடர்ந்த மழைக்காடு. இருபதடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. இங்கே காதுக்கும் மூக்குக்கும்தான் முதல் வேலை. கண் நிறையப் பார்க்க வேண்டுமானால் குளத்தங்கரைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் ஏற்றபடி கிளம்பச் சில குறிப்புகள்.

கிளம்பும் முன்

1. மாதம் பார்த்து நாள் குறியுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை மலைப்பக்கம் அட்டையும் வழுக்கலும் அதிகம். ஜனவரி, பிப்ரவரி தோதானவை. கோடையில் காட்டுத்தீ பயத்தால் மலையேற்றத்தை வழக்கமாக நிறுத்திவைப்பார்கள். பறவை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

2. அனுமதியை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் கேரளத்தின் நெய்யாறு சரணாலயம். மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. காளிகேசத்துக்குச் சோதனைச்சாவடி தாண்டித்தான் போக வேண்டும். மழை கனத்தால் மூடிவிடுவார்கள். நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

3. முட்டுவலிக்காரர்களையும் கைக்குழந்தையையும் மலைக்கு இழுக்காதீர்கள். அவர்களுக்கு ஏற்றது புலியூர்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. மர நிழலில் மெல்ல நடந்து, 1777இல் இறந்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையையும் பார்த்து வரலாம்.

4. பச்சை, காக்கி, மண் நிறத்தில் பழைய பருத்தித் துணி உடுத்துங்கள். வெள்ளையும் சிவப்பும் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். தோவாளைச் சந்தையில் வாங்கிய பிச்சியும் மல்லிகையும் அன்றைக்கு மட்டும் வேண்டாம். பூ, சென்ட், வாசனைத் தைலம் எல்லாம் மலைத்தேனீயைச் சீண்டும்; நீங்கள் வருவதை யானைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடும்.

5. அட்டைக்கு உறை வீட்டிலேயே தைக்கலாம். நெருங்கிய நெசவுள்ள பழைய வேட்டியில் முழங்கால் உயரத்துக்குப் பை போலத் தைத்து, மேலே நாடா கோத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காலுறைக்கு மேல் இதை மாட்டி, அப்புறம் ஷூ போடுங்கள். காலுறைக்கு மட்டும் வெள்ளைத் துணி நல்லது; ஏறும் அட்டை உடனே கண்ணில் படும். ஷூவின் ஓரத்தில் காய்ந்த சோப்பைத் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும். நனைந்த பிறகு மறுபடி தேய்க்க வேண்டும்.

சாப்பாட்டுப் பை

6. தேங்காய்ச் சோறும் தேங்காய்த் துவையலும் உச்சி வெயிலுக்கு முன்பே நைந்துவிடும். புளிச்சோறு கட்டுங்கள். வாழை இலையைத் தணலில் வாட்டிப் பொதிந்தால் இலை கிழியாது, சோறும் மாலை வரை கெடாது. கொறிக்க ஏத்தங்காய் உப்பேரி போதும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது.

7. மட்டிப் பழத்தையும் சக்கைப்பழத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பெருமைதான். ஆனால் பழுத்த வாழையும் சக்கையும் யானைக்கு வெகுதூரத்திலிருந்தே மணக்கும். சக்கை பழுக்கும் மாதங்களில் மலையோர விளைகளுக்கு யானை இறங்குவதும் இதனால்தான்.

8. வண்டிக்குள் அரிசியோ சோறோ வைத்துவிட்டு நடக்கப் போகாதீர்கள். சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஜூனில் கம்பம் பக்கம் பிடித்து, மேல் கோதையாறு காட்டில்தான் விட்டார்கள். ஒருமுறை ருசி கண்ட விலங்கு திரும்பத் திரும்பத் தேடும். குரங்குக்கு முறுக்கு போடுவதும் இதே கதைதான். இன்று கையில் வாங்கும் குரங்கு, நாளை பையைப் பறிக்கும்.

மலைக்காட்டில்

9. வாயை மூடினால் காது திறக்கும். கூட்டம் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் நடந்தால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். மலை இருவாச்சி மேலே பறந்தால் சிறகடிப்பு நீராவி ரயில் மூச்சு விடுவது போல இருக்கும். சத்தம் வந்த பிறகு தலையைத் தூக்கினாலும் பார்த்துவிடலாம். மரத்தின் உச்சியில் கிளை குலுங்கினால் அவசரப்படாமல் கவனியுங்கள்: சிங்கவால் குரங்காகவோ மலையணிலாகவோ இருக்கலாம்.

10. மிளா திடீரென்று உரக்கக் கத்தி, அதே இடத்தில் நின்று மறுபடி மறுபடி கத்தினால் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று கொள்ளலாம். முன்னால் போகாமல் கூட்டமாக நின்று, வந்த வழியே திரும்புங்கள்.

11. யானைப் பிண்டத்தைப் பார்த்தால் மேலாகக் கவனியுங்கள். ஈரமாக மினுங்கி, ஆவி பறந்தால் யானை அருகில்தான். மேல்பக்கம் காய்ந்து வெளிறியிருந்தால் போய் நேரமாகிவிட்டது. மூங்கில் முறியும் சத்தம், குதிரைலாயம் போன்ற நெடி, இரண்டில் ஒன்று வந்தாலும் திரும்ப வேண்டியதுதான்.

12. யானை காதை ஆட்டிக்கொண்டு தழை ஒடித்தால் நிம்மதியாக இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் உங்களைக் கவனிக்கிறது. காதை விரித்து, தும்பிக்கையைச் சுருட்டினால் துரத்தப்போகிறது. அதுவரை காத்திருக்காமல் முதல் நிலையிலேயே விலகிவிடுங்கள். வண்டியில் இருந்தால் ஹாரன், ஹெட்லைட் மினுக்கல் கூடாது. மெதுவாகப் பின்னால் எடுங்கள். செல்பி எடுக்க இறங்கவே கூடாது.

13. விடிவதற்கு முன்னும் இருட்டிய பிறகும் கீரிப்பாறை, கோதையாறு பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளில் இரு சக்கர வண்டி ஓட்டாதீர்கள். பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளரிடம் "இன்னைக்கு ஆனை உண்டுமா?" என்று கேளுங்கள். அன்றன்றைய நிலவரம் அவர்களுக்கும் காணிக்குடியிருப்புக்காரர்களுக்கும் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

குளத்தங்கரையில்

14. விலங்கு பார்க்காத ஏக்கத்தைத் தீர்க்கச் சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் போதும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையோரமே சுசீந்திரம் குளம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளுக்கு இந்தியப் பெருநிலத்தின் தென்கோடித் தங்கல் இந்தப் பகுதிதான். காலை ஆறரை முதல் எட்டரை வரை, வெயில் உங்கள் முதுகில் விழும் கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

15. பிள்ளைகளுக்கு முதலில் ஐந்து பறவை மட்டும் பழக்குங்கள். அலகுக்குக் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. நீண்ட மஞ்சள் அலகும் இறக்கையில் இளஞ்சிவப்பும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைக்குத்தி. உடல் தண்ணீருக்குள்ளும் கழுத்து மட்டும் வெளியிலும் தெரிந்தால் பாம்புத்தாரா. இளஞ்சிவப்பு நெட்டைக் காலில் நின்றால் நெடுங்கால் உள்ளான். இந்த ஐந்தும் வந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

16. பைனாகுலர் வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டுக்கு 8x42 போதும். அதைவிட உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடப் பெரிதாகும். பட்டம் விடுவது, டிரோன் பறக்கவிடுவது, பறவைகள் ஒன்றாக எழும்பட்டும் என்று கல்லெறிவது எதுவும் வேண்டாம். பல நாள் பறந்து வந்த பறவை தேற்றிக்கொள்ளும் தெம்பை நாம் ஒரு நொடியில் வீணாக்கிவிடுவோம்.

17. பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலையும் புத்தளம் உப்பளத்தையும் ஒரே மாலையில் பார்க்கலாம். காயலோரம் அலையாத்தி மரங்கள். உப்பளத்தில் ஆலா, உள்ளான்கள். பூநாரைக் கூட்டம் வந்து தங்கும் பருவமும் உண்டு. உப்பளம் பிறர் தொழில் செய்யும் இடம். கேட்காமல் வரப்பில் ஏறாதீர்கள். வீடு வந்ததும் கேமரா, பைனாகுலர், வண்டி மூன்றையும் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். உப்புக்காற்று பட்ட இரும்பு சீக்கிரம் துருவேறும்.

ஆற்றிலும் அவசரத்திலும்

18. காளிகேசத்திலும் திற்பரப்பிலும் குளிக்கும்போது தண்ணீரின் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அணையிலிருந்து தண்ணீர் திறந்திருக்கலாம்.

19. கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடியை விட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சை அழுத்திக் கட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும்; பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தலை, அக்குள், இடுப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

20. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் ஆபத்து. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் குச்சி வைத்துக் கட்டி, 108க்குச் சொல்லி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்து வர வேண்டாம்.

ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு

21. வளைகுடாவிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அழைத்துப் போவதாகச் சொன்னால் முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து திரும்பும்போது இங்கே சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். தூத்துக்குடி துறைமுகச் சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள். கருநீலம், கறுப்பு உடுப்பு வேண்டாம். அந்த நிறங்களுக்குத்தான் செட்சி ஈ வரும். பிளாஸ்டிக் கவரைப் பெட்டியில் வைக்காதீர்கள். கென்யா 2017இலேயே தடை செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு

22. பார்த்ததை அன்றிரவே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடத்தோடு எழுதிவையுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை இனமும் எண்ணிக்கையுமாக இபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். பெயர் தெரியாத பறவையைப் பெயர் தெரியாது என்றே குறியுங்கள். யூகித்து எழுதிய பெயரால் கணக்குதான் கெடும்.